அட்மிஷன் கவுன்சிலர் வேலை: சம்பளம் யாரிடமிருந்து, ஆலோசனை யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே பெற்றோரின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், எங்க காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கொஞ்சம்தான் பாக்கி இருக்கு. இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க." மறுமுனையில் பேசுபவரே பல நேரம் ஓரிரு ஆண்டுக்கு முன் டிகிரி முடித்தவராகத்தான் இருப்பார். பதவியின் பெயர், அட்மிஷன் கவுன்சிலர்.

எந்த டிகிரியும் போதும், நன்றாகப் பேசத் தெரிந்தால் சரி என்பதால் நிறைய பேருக்கு இது முதல் வேலை. இதில் எதிர்காலம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் இந்த ஒரே பெயருக்குள் வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க, பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டாலே போதும்.

யார் காசு கொடுக்கிறார்கள்?

கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருப்பவருக்குக் கல்லூரிதான் சம்பளம் தருகிறது. கூடவே டார்கெட், இன்சென்டிவ். இது விற்பனை வேலை. அதில் தப்பில்லை, போன் எடுப்பவருக்கு அது விற்பனை என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல், 'பெற்றோருக்கு முற்றிலும் இலவசம்' என்று போர்டு மாட்டியிருக்கும் கன்சல்டன்சிகளில். இலவசமாகத் தர முடிவதற்குக் காரணம், மாணவர் சேர்ந்ததும் கல்லூரி கொடுக்கும் கமிஷன். வெளிநாட்டுப் படிப்பிலும் இதே கதைதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவது வெளிப்படையான நடைமுறை. அமெரிக்காவில் உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டில் இருந்து சேர்க்கப்படும் மாணவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு! அதே நாட்டில், தனியார் கல்வி ஆலோசகர்களின் சங்கமான ஐஇசிஏ, கல்லூரிகளிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு விதி வைத்திருக்கிறது. அவர்களின் வருமானம் குடும்பங்கள் தரும் கட்டணம்தான்.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். மாணவரை அனுப்புபவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. போலி அட்மிஷன் கடிதங்களை நம்பிப் போன இந்திய மாணவர்கள் சிக்கிய பிறகு, 2023 டிசம்பர் முதல் கனடா ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்க ஆரம்பித்தது. அதாவது, ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் வேலை போய்ச்சேர்ந்த நாட்டின் தலையில் விழுந்தது.

வேலைக்குப் போகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். "மேனேஜ்மென்ட் சீட்டுக்குத் தனியா ஒரு அமவுண்ட்" என்று பேசச் சொல்லும் ஆபீஸில் ஜூனியராக உட்காருவது சாதாரண ரிஸ்க் இல்லை.

உண்மையான வேலை எங்கே?

பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்ளலாம். 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்தது. 2018 முதல் எல்லாம் ஆன்லைன். முன்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்து ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை வரிசையாகப் போட வேண்டும். தடுமாற்றம் இங்கேதான்.

பயத்தில் நிறைய பேர், 'கண்டிப்பாகக் கிடைக்கும்' கல்லூரியை முதலில் போட்டுவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு சுற்றுக்குள் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை சிஸ்டம் ஒதுக்குகிறது. ஆசைப்படும் கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. கீழே போதுமான எண்ணிக்கையில் போட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு பொறி கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் இந்த எண், மதிப்பெண்கள் ஏறினால் மதிப்பு இறங்கிவிடும். போன வருஷம் 185-க்குக் கிடைத்த சீட் இந்த வருஷம் அதே 185-க்குக் கிடைக்காமல் போகலாம். ஒப்பிட வேண்டியது ரேங்கை; அதிலும் தன் சமூகப் பிரிவுக்கான ரேங்கை.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலில் 2021-ல் வந்தது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதைச் சொல்வதால் கமிஷன் கவுன்சிலருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. தகவல் மிகவும் தேவைப்படும் குடும்பம் ஆலோசனைக்குக் காசு கொடுக்கவும் முடியாத குடும்பம் என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய இடைவெளி. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' திட்டங்கள் அந்த இடத்தில்தான் வருகின்றன.

நுழைய நினைப்பவர்கள் கவனிக்க...

இதற்குக் கட்டாயமான படிப்போ லைசென்ஸோ இல்லை. உளவியல், சமூகப் பணி, பி.எட். படித்தவர்களுக்குப் பள்ளிகளில் கூடுதல் வாய்ப்பு உண்டு. சர்வதேசப் பள்ளிகளில் கல்லூரி ஆலோசகர் முழுநேரப் பதவி. சொந்தமாகத் தொடங்குபவருக்கு மே முதல் ஆகஸ்ட் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. மீதி மாதங்களை பத்தாம் வகுப்பு மாணவர்களின் குரூப் தேர்வு, பள்ளிகளுடனான ஒப்பந்தம் என்று நிரப்பினால்தான் வண்டி ஓடும்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி: "இன்சென்டிவ் எதுக்கு சார்? எத்தனை பேர் சேர்ந்தாங்கன்றதுக்கா?" ஆமாம் என்றால் அது சேல்ஸ். சேல்ஸில் வளர விரும்புபவர் தாராளமாகச் சேரலாம்.

வெறும் தகவலை விற்கும் காலம் எப்படியும் முடிந்துகொண்டிருக்கிறது. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபும் ரேங்கும் கலந்தாய்வு இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஆனால், "பொண்ணு சென்னை ஹாஸ்டல்னு அடம்பிடிக்கிறா, அவங்க அப்பா பக்கத்து காலேஜ் போதும்ங்கிறார்" என்று ஒரு அம்மா எதிரில் வந்து உட்காரும்போது, மூவரிடமும் பேசி ஒரு பட்டியலுக்குக் கொண்டுவர இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறார்.