43 வருஷம் கழிச்சு ஊர் வந்த இசைத்தட்டு!

'டெசிபல்'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு தீபாவளிதான். 'இத்தனை டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் பட்டாசு வெடிக்கக் கூடாது' என்ற அறிவிப்பை வருஷா வருஷம் டைப் பண்ணுகிற ஆள் நான். போன வாரம் போனில் டெசிபல் பற்றித் தேடப்போய், 1981-ல் வந்த ஓர் ஆல்பத்தில் போய் விழுந்தேன். பெயர், 'ஸ்டாண்ட்ஸ் ஃபார் டெசிபல்ஸ்'. தேடிப்போன செய்தி அன்று லேட். (ஸாரி, எடிட்டர் சார்!)

பாடியவர்கள் 'தி டிபீஸ்'. அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் ஊர்ப் பையன்கள் நாலு பேர், 1978-ல் நியூயார்க்கில் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட். கிறிஸ் ஸ்டேமியும் பீட்டர் ஹோல்சாப்பிளும் பாட்டு எழுதிப் பாட, பேஸ் கிட்டார் ஜீன் ஹோல்டர், டிரம்ஸ் வில் ரிக்பி.

இவர்கள் வாசித்த இசைக்கு 'பவர் பாப்' என்று பெயர். பீட்டில்ஸ் பாட்டு மாதிரி உடனே முணுமுணுக்க வைக்கும் மெட்டு, கூடவே கொஞ்சம் முரட்டு கிட்டார். பெரும்பாலும் மூணு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். முதல் பாட்டு 'பிளாக் அண்ட் ஒயிட்' கேட்டு முடித்ததும், கை தானாக மறுபடி பிளே பட்டனுக்குப் போனது. 'சைக்கிள்ஸ் பெர் செகண்ட்' பாட்டில் தாளம் எங்கே திரும்பும் என்றே பிடிபடவில்லை. கடைசிப் பாட்டு 'மூவிங் இன் யுவர் ஸ்லீப்', அப்படியே அடங்கி, தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும்.

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் ஓடவில்லை? காரணம் பாட்டில் இல்லை. வெளியிட்டது பிரிட்டனைச் சேர்ந்த ஆல்பியன் கம்பெனி. அமெரிக்காவில் அப்போது வெளியாகவே இல்லை. சொந்த நாட்டு ரசிகர்களே இறக்குமதி விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்பனைதான் படுத்துவிட்டது.

ஆனால், ஹோல்சாப்பிள் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. ஆர்.இ.எம். பேண்டோடு துணைக் கலைஞராகச் சேர்ந்தார். 1991-ல் உலகமே கேட்ட 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டில் அவருடைய கிட்டாரும் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், அவர் பெயர் எனக்குத் தெரியாது!

எண்பதுகளின் கடைசியில் ஆல்பம் சி.டி-யாக அமெரிக்கா வந்தது. அது முதலில் பிறந்த வடிவத்தில், அதாவது பெரிய கறுப்பு இசைத்தட்டாக, சொந்த நாட்டில் வெளியானது 2024-ல். இடையில் 43 வருஷம்!

என் வேலையில் கண்ணெதிரே எப்போதும் ஒரு 'வியூஸ்' மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். போட்ட ஒரு மணி நேரத்தில் நம்பர் ஏறவில்லை என்றால், 'இது போச்சு' என்று அடுத்ததுக்குத் தாவிவிடுவேன். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில், நான் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் 'போச்சு' என்று ஒதுக்கப்பட்ட பாட்டை நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டரைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை.

நீங்களும் இன்றைக்கு 'பிளாக் அண்ட் ஒயிட்' ஒரு தடவை கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூட இருக்கட்டும். டெசிபல் கணக்கை தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்!