ஆறு தந்தியும் ஒரு பதிகமும்

சென்ற பிரதோஷத்தன்று எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் நந்தியெம்பெருமானுக்குப் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கைகூப்பி நின்ற என் இடக்கையை அருகில் நின்ற பழைய நண்பர் பற்றித் திருப்பிப் பார்த்தார். நான்கு விரல் நுனிகளும் காய்த்துத் தடித்திருந்தன. "என்ன ஓய், கயிறு திரிக்கப் போகிறீரா?" என்றார். "கிதார் கற்றுக்கொள்கிறேன்" என்றேன். அவர் முகம் போன போக்கை வாசக அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தீபாராதனை நெருங்கிவிட்டதால் மேற்கொண்டு பேச்சு வளரவில்லை. வெளியே வந்தபின், "பெரியபுராணம் படிக்க வேண்டிய வயதில் இதென்ன கூத்து?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு அன்று சொல்லாததை இந்த வாரப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். பெரியபுராணமும் இதில் வருகிறது.

என் மனைவி சிறுவயதில் ஓதுவார் ஒருவரிடம் முறையாகத் தேவாரம் பயின்றவள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் மாலை விளக்கேற்றியதும் ஒரு பதிகம் ஒலிக்காத நாள் அரிது. நீற்றறையில் இட்டபோது அப்பர் பெருமான் பாடியருளினாரே, வீணையின் ஓசையை முதல் உவமையாகக் கொண்ட குறுந்தொகைப் பதிகம், அதுவே அவளுக்கு உயிர். மாயாமாளவகௌளையில், அவசரமின்றிப் பாடுவாள். நான் பூக்களைப் பிரித்து வைத்தபடி கேட்டிருப்பேன். பாடத் தெரியாது, பாட வேண்டிய தேவையும் எனக்கு வந்ததில்லை.

ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவளுக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கை தளர்ந்தது. பேச்சு போயிற்று. நாம் சொல்வது அவளுக்குப் புரிந்தது. சொல்ல நினைத்ததும் உள்ளே இருந்தது. சொல் மட்டும் வாயில் வந்து சேரவில்லை. "காபி" என்பதற்கு வேறெதுவோ வரும், தவறு என்று அவளுக்கே தெரியும், கண் கலங்கும். அந்த நாட்களில் விளக்கை நான்தான் ஏற்றினேன். பதிகம் இல்லை. ஒலிநாடாவில் பெரிய ஓதுவார்களின் குரலை வைத்துப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி அளித்த மருத்துவர்தாம் ஒரு நாள், "இவர் பாடுவாரா?" என்று கேட்டார். பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்புறத்தில் இருக்கிறது. அது பழுதுபட்டவர்களில் சிலர், பேச இயலாத சொற்களைப் பாட்டில் வைத்துப் பாடிவிடுவார்கள் என்றார். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர் இதனை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்து எழுதினர் என்றும் சொன்னார். எல்லோருக்கும் பலிக்கும் என்று அவர் வாக்குத் தரவில்லை. "பாட்டை மெதுவாக, அவருக்கு ஏற்ற சுருதியில், அவர் நிற்கும் இடத்தில் நின்று, தொடரும்போது தொடர்ந்து யாராவது கொடுக்க வேண்டும்" என்றார். ஒலிநாடா அவளுக்காக நிற்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் குரலைப் பற்றி ஒரே வரியில் சொல்வதானால், வாயைத் திறந்தால் சுருதிப்பெட்டி நாணும். ஆகவே ஒரு வாத்தியம் வேண்டும். வீணை பயில எனக்கும் ஆசைதான். ஆனால் சம்மணமிட்டு அரை மணி நேரம் உட்கார 68 வயது முழங்கால்கள் இசையவில்லை. வீட்டில் இருந்தது, பேரன் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகும்போது அலமாரியின் மேல் விட்டுச் சென்ற கிதார் ஒன்றுதான். நாற்காலியில் அமர்ந்து வாசிக்கலாம். அலமாரியிலிருந்து இறக்கித் தூசு தட்டினேன்.

அந்நியக் கருவியைப் பூஜையறை வாயிலில் வைப்பதா என்று சிலர் நினைக்கக்கூடும். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதனை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தீட்சிதரோ ஆங்கிலேயரின் இசைக்குழு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை இயற்றினார். நோட்டுஸ்வர சாகித்யங்கள் என்று இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள். பஜனை மடங்களில் நாம் போற்றும் ஆர்மோனியமும் கப்பலேறி வந்ததே. மாண்டலினை உ. ஸ்ரீநிவாஸ் வாசித்தபோது அது எந்த நாட்டுக் கருவி என்று யார் கேட்டார்கள்? இதற்கு மேல் வாதம் எனக்கு வராது.

கற்பிக்க ஆள் கிடைப்பதுதான் எளிதாக இல்லை. ஓர் இசைப் பள்ளியில், "பெரியவர்களைச் சேர்ப்பதில்லை, பாதியில் நின்றுவிடுகிறார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு அடுத்த தெருவில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் 24 வயதுப் பெண் ஒருத்தி இசைந்தாள். கர்நாடக சங்கீதமும் சிறிது பயின்றவள். விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை வைத்து நமஸ்கரிக்கப் போனேன். "தாத்தா, தாத்தா, வேண்டாம்!" என்று பதறி எழுந்துவிட்டாள். வயதில் இளையவராயினும் குரு குருதான் என்று சொல்லித் தாம்பூலத்தையாவது ஏற்கச் செய்தேன். அவள் எனக்கிட்ட முதல் கட்டளை, "இடக்கை நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள்."

கிதாருக்கு ஆறு தந்திகள். வீணையைப் போலவே இதன் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. நம் சங்கீதத்தில் ஸ்வரஸ்தானங்கள் பன்னிரண்டுதானே! எந்தத் தந்தியையும் விரல் வைக்காமல் மீட்டினால் அதனை ஸட்ஜமாகக் கொள்ளலாம். முதல் மெட்டு சுத்த ரிஷபம். நான்காவது அந்தரகாந்தாரம், ஐந்தாவது சுத்த மத்திமம், ஏழாவது பஞ்சமம், எட்டாவது சுத்த தைவதம், பதினொன்றாவது காகலி நிஷாதம், பன்னிரண்டாவதில் மேல் ஸட்ஜம். மாயாமாளவகௌளை முழுவதும் ஒரே தந்தியில் ஏணிபோல் கிடக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாக நாம் போற்றும் சரளி வரிசையை இந்த ஏணியில்தான் ஏறி இறங்கினேன். சிறு பிள்ளைகள் ஒரு வாரத்தில் தாண்டும் முதல் வரிசைக்கு எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

இதில் ஈசன் எனக்கு ஒரு சலுகையும் வைத்திருந்தான். கிதாரின் வழக்கமான சுருதிக் கூட்டில் மூன்றாம் தந்தி ஐந்து கட்டையில் நிற்கிறது. என் மனைவியின் பழைய சுருதியும் அதுவே. நோய்க்குப் பின் அவளுக்கு நான்கு கட்டைதான் சௌகரியம். ஆறு தந்திகளையும் முழுதாக ஒரு கட்டை, அதாவது இரண்டு மெட்டு அளவு, தளர்த்தச் சொன்னாள் என் குரு. மூன்றாம் தந்தி நான்கு கட்டைக்கு இறங்கியது. அதற்கு மேலே உள்ள நான்காம் தந்தி தானாகவே அதன் மந்தர பஞ்சமமாக அமைந்திருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டினால் தம்பூரா இல்லாத குறை ஓரளவு தீரும். தந்தி தளர்ந்ததால் விரலுக்கும் வலி குறைந்தது.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அநேகர் அதற்கு அஞ்சியே விட்டுவிடுகிறார்கள். பேரனின் கிதார் உருக்குத் தந்தி கொண்டது. முதல் பத்து நாள் விரல் நுனியில் நெருப்புத் தணல் வைத்தாற்போல் இருந்தது. மெட்டின் மேல் அழுத்தாமல், மெட்டுக்குச் சற்றே பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். இதை அறியாமல் நான் பட்டது வீண் பாடு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காருவதைவிடக் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்பதே நம் வயதுக்கு நல்லது. நீராடிய உடனே வாசிக்கக் கூடாது. ஊறிய தோல் தந்தியில் அறுபடும். ஆகவே ஸ்நானம், ஜபம், அதன்பின் கிதார் என்று வரிசை அமைந்தது. மூன்று நான்கு வாரத்தில் தோல் காய்த்துவிட்டது. புதிதாக வாங்குவோர் நைலான் தந்தி கிதாரைக் கேட்டு வாங்கலாம், விரலுக்கு மென்மையானது. ஆனால் அதில் உருக்குத் தந்தியை மாட்டிவிடக் கூடாது, இழுப்பைத் தாங்காமல் பலகை வளைந்துவிடும்.

என்னைப் போல் சர்க்கரை வியாதி உள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறல் பட்டதுகூடத் தெரியாது. வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்த இப்போதெல்லாம் நான் வலக்கையைத்தான் நீட்டுகிறேன். இடக்கை தந்திக்கு நேர்ந்துவிட்டது.

தை மாதம் பிறந்தபோது பதிகத்தின் முதற்பாட்டை ஸ்வர ஸ்வரமாக வாசிக்க வந்துவிட்டது. வந்தது என்பது என் எண்ணம். ஒரு மாலை அவள் முன்னால் வாசித்தேன். எல்லா ஸ்வரமும் அதனதன் இடத்தில் விழுந்தது. ஆனால் அவள் பாடிய பாட்டு அங்கே இல்லை. அவள் குரலில் காந்தாரம் நிற்காது, மத்திமத்தைத் தொட்டு இழைந்து திரும்பும். நிஷாதம் ஸட்ஜத்தை எட்டிப் பார்க்கும். கிதாரில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்தக் கமகத்தில் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று தெரியும். என் விரலுக்கு அந்த வலு இல்லை. நான் வாசித்தது கல்லில் வெட்டிய எழுத்துப்போல் தனித்தனியாக நின்றது. அவள் பேசாமல் கேட்டாள். அவள் எப்போதும் பேசாமல்தான் இருக்கிறாள் என்பதையும் மறந்து, அந்த மௌனத்தை நான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். கிதாரைத் துணியில் சுற்றி மீண்டும் அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். ஒன்பது நாள் தொடவில்லை.

அந்த ஒன்பது நாட்களில் ஒரு நாள் பெரியபுராணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு நாம் அறிந்ததே. ஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்துத் தலந்தோறும் உடன் சென்றவர். அவருடைய தாயார் பிறந்த ஊராகிய திருத்தருமபுரத்தில், சுற்றத்தார், "இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்துக்கு இத்தனை சிறப்பு" என்று பேசிவிட்டார்கள். பாணர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத பதிகமொன்று பாடியருள வேண்டும் என்று அவரே பிள்ளையாரிடம் வேண்டினார். பிள்ளையார் பாடினார். பாணரின் விரல்கள் பின்தொடர முடியாமல் நின்றன. இந்தக் கருவியைத் தொட்டதால் வந்த குற்றம் இது என்று யாழையே உடைக்க ஓங்கினார்.

இதுவரை இந்தக் கதையை நான் யாழ்மூரிப் பதிகத்தின் பெருமைக்காகவே படித்திருந்தேன். அன்றுதான் அடுத்து நடந்ததில் கண் நின்றது. பிள்ளையார் ஓங்கிய கையைத் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். சிவசக்தியின் திருவிளையாடல் இந்தக் கருவிக்குள் அளவுபட்டு அடங்குமோ என்றார். கருவியில் வந்தவரையில் வாசித்து வாரும் என்று யாழைத் திரும்பவும் அவர் கையிலேயே கொடுத்தார். பாணர் அதனைத் தலைமேல் வைத்து ஏற்றுக்கொண்டார். அதன்பின்னும் திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலக்கும் நாள்வரை அதே யாழைத்தான் வாசித்து உடன் சென்றார்.

யாழ்வல்லார் எங்கே, சரளி வரிசையில் தடுக்கி விழும் நான் எங்கே! ஒப்பிடுவதே அபசாரம். ஆனாலும் நாற்காலியைப் போட்டு ஏறிக் கிதாரை இறக்கினேன்.

மறுநாள் மாலை விளக்கேற்றிவிட்டு, பாட்டை முழுதாக வாசிக்க முயலாமல் முதல் அடியை மட்டும் எடுத்தேன். நான்காம் மெட்டில் விழ வேண்டிய விரல் தவறி மூன்றில் விழுந்தது. அந்தரகாந்தாரம் சாதாரண காந்தாரமாயிற்று. சட்டென்று அவளது இடக்கை எழுந்தது. தெருப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தந்த காலத்தில் பிழை செய்த குழந்தையை நிறுத்துவாளே, அதே கை. ஒன்றரை ஆண்டாக நான் காணாத கை. பிறகு வாய் திறந்து அந்தக் காந்தாரத்தைப் பாடிக் காட்டினாள். சொல் இல்லை, வெறும் நாதம். ஆனால் மத்திமத்தைத் தொட்டு இழைந்து திரும்பியது.

அன்றுமுதல் எனக்கு இரண்டு குருமார்கள். அடுத்த தெருப் பெண் விரலைத் திருத்துகிறாள். இவள் பாட்டைத் திருத்துகிறாள். சில நாள் வேண்டுமென்றே பிழை செய்கிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் முதல் அடி சொல்லோடு வந்தது. பிறகு இரண்டாம் அடி. நான் நிறுத்தினால் அவளும் நிற்கிறாள். தந்தியைத் தொட்டால் தொடர்கிறாள்.

மேலே சொன்ன பிரதோஷத்தன்று கோயிலிலிருந்து திரும்பியதும் விபூதி இட்டுவிட்டு வாசித்தேன். முதற்பாட்டு முழுவதையும், ஒரு சொல் குறையாமல், பாடி முடித்தாள். முடித்ததும் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். இரண்டு முறை முயன்றாள். வரவில்லை. செம்பைச் சுட்டிக் காட்டினாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இடக்கையால் கிதாரின் பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மூன்றாம் தந்தியிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.