ரத்தக் கொதிப்பு: பரிசோதனைக் கணக்கு மட்டும் போதாது

தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. 2020இல் மாநில அரசு நடத்திய தொற்றா நோய் ஆய்வு இதை 33.9 சதவீதம் என்று கணக்கிட்டது. அதே ஆய்வில் இதைவிடக் கவலை தரும் இன்னோர் எண்ணும் இருந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து நடந்த இரண்டாம் சுற்று ஆய்வில் இது 17 சதவீதமாக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீடு தேடிப் போய்ப் பரிசோதிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. அந்த உயர்வில் அத்திட்டத்துக்குப் பங்குண்டு என்றே கருத வேண்டும். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் 17 என்பதன் மறுபக்கம் 83. நூறு நோயாளிகளில் 83 பேரின் இதயமும் மூளையும் சிறுநீரகமும் இன்றும் பாதுகாப்பில்லாமல்தான் இருக்கின்றன. எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்று பெருமைப்பட்டது போதும். எத்தனை பேருக்கு அழுத்தம் குறைந்திருக்கிறது என்பதே இனி நம்முடைய அளவுகோலாக வேண்டும்.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் சேத்துப்பட்டு, தேவிகாபுரம், ஆரணி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இதன் அவசியம் எளிதில் விளங்கும். இங்கே பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெசவாளர் குழியில் காலை இறக்கி, பலகையில் உட்கார்ந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை மிதியை மிதித்தபடி நாடாவை ஓட்டுகிறார். சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உட்காராத நாளுக்குக் காசில்லை. ரத்தக் கொதிப்போ பெரும்பாலும் வலிக்காத நோய். தலை சுற்றாது, வேலை நிற்காது. வலியே இல்லாத ஒன்றுக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு, அரசு மருத்துவமனை வரிசையில் நின்று மாதாமாதம் மாத்திரை வாங்கி வா என்றால் எத்தனை பேரால் முடியும்? முதல் மாதம் போவார்கள், இரண்டாம் மாதம் போவார்கள், சேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வந்தால் மூன்றாம் மாதம் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் பக்கவாதத்தில் கை விழுந்தால் தறியும் விழுந்துவிடும். இதை நோயாளியின் அலட்சியம் என்று சொல்லி ஒதுக்குவது அநீதி. அவருடைய பிழைப்புக்கு ஒத்துவராத முறையில் சிகிச்சையை அமைத்திருக்கிறோம் என்பதே உண்மை.

பிழைப்புக்கு ஒத்துவரும்படி அமைத்தால் பலன் கிடைக்குமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. அதில் புதிய மருந்து எதுவும் இல்லை. ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்த சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போய் அழுத்தத்தை அளந்து, அறிவுரை சொல்லி, அதிகமாக இருப்பவரை மருத்துவரிடம் அனுப்பச் செய்தார்கள். மருத்துவர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. 5 புள்ளி என்றால் அற்பம் என்று தோன்றலாம். உலகெங்கும் நடந்த 48 ஆய்வுகளில் கலந்துகொண்ட சுமார் 3,44,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, மேல் அழுத்தம் 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும் என்று காட்டியது. ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் அந்தப் பலன் ஒன்றுபோலவே இருந்தது.

மருந்தைக் கொடுக்கும் விதத்திலும் இலங்கை ஒரு பாடம் தந்திருக்கிறது. நம் ஊரில் முதலில் ஒரு மாத்திரை தருவார்கள். அழுத்தம் இறங்காவிட்டால் அடுத்த முறை இன்னொன்று சேர்ப்பார்கள். அதற்கடுத்த முறை அளவைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பயணம், ஒரு நாள் கூலி. பல நோயாளிகள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். இலங்கையில் 11 மருத்துவமனைகளில் 700 பேரிடம் நடந்த ஆய்வில் டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் என்ற மூன்று மருந்துகளையும் பாதி அளவில் ஒரே மாத்திரையாக்கித் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 70 சதவீதம் பேருக்கு அழுத்தம் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். பக்கவிளைவு காரணமாகச் சிகிச்சையை நிறுத்தியவர்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ரத்தக் கொதிப்புக்கான கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 1994இல் தொடங்கப்பட்டு, மொத்தக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாக இருக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கூட்டு மாத்திரையைக் கிராமத் துணை சுகாதார நிலையம்வரை கொண்டு சேர்ப்பது ஆகாத காரியம் அல்ல.

வலிக்காத நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வைப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணின் வரலாறே பதில் சொல்லும். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தொழுநோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதி. சேத்துப்பட்டு புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் 1960கள் முதல் அந்த நோயோடு போராடின. தொழுநோயின் தொடக்கத்திலும் வலி இல்லை, உணர்ச்சியற்ற ஒரு தேமல்தான். களப்பணியாளர்கள் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கண்டறிந்தார்கள். மருந்து வாங்க வராதவரைத் தேடிப் போனார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு மாதத்துக்கு ஓர் அட்டை, மாதத்தில் ஒருநாள் பணியாளரின் கண்ணெதிரே ஒரு வேளை மருந்து என்று முறை எளிமையானது. காசநோய்க்கும் இப்படித்தான். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சைக்கு வீட்டிலேயே தரும் சிகிச்சை சளைத்ததல்ல என்று நிறுவி, உலகத்தின் போக்கையே மாற்றியது. இரண்டிலும் வென்றதற்குக் காரணம் ஒன்றுதான்: மருந்தை விட்டவர் யார் என்பது ஒவ்வொரு மாதமும் தெரிந்திருந்தது.

எதிர்வாதங்கள் உண்டு. ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற அச்சம் ஊரெங்கும் இருக்கிறது. உண்மை நேர் எதிரானது. கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்புதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, மருந்து அதைக் காக்கிறது. உப்பைக் குறைத்து நடந்தாலே போதாதா என்பது அடுத்த கேள்வி. உப்பைக் குறைப்பது கட்டாயம் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாமே அந்தக் கணக்கில் அடக்கம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சோடியத்தின் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தது. ஆனால் அழுத்தம் 160, 170 என்று நிற்பவருக்கு உப்புக் குறைப்பும் நடையும் மட்டும் அரிதாகவே போதும். உணவு மாற்றம் மருந்துக்குத் துணை. மருந்தை விட்டுவிடுவதற்கான சாக்காக அது மாறிவிடக்கூடாது.

மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றுவதற்கே வசதி போதாதபோது வராதவருக்கு ஏன் செலவு என்று கேட்பவர்களும் உண்டு. அவசரச் சிகிச்சையில் தமிழ்நாடு செய்தது சிறிதல்ல. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து மாரடைப்பு நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த முறையை 2,420 பேரிடம் ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியதை 2017இல் வெளியான அந்த ஆய்வு பதிவு செய்தது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்குத் துணை சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவை தொடர வேண்டும், விரிய வேண்டும். ஆனால் சிறந்த முறையிலும் நூற்றுக்குப் பதினான்கு பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள் என்பதே, மாரடைப்பு வராமல் தடுப்பதற்கு ஈடில்லை என்பதற்குச் சான்று. அன்றைக்கு 14 மாத்திரைகளைக் கையில் வைக்கும் அரசு, அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தே அவருக்குத் தினம் ஒரு மாத்திரை போய்ச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட நியாயமான ஆட்சேபம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காகக் களத்தில் இருக்கும் பெண் தன்னார்வலர்களைப் பற்றியது. சொற்ப ஊக்கத்தொகைக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் அவர்கள்மீது இன்னொரு பதிவேட்டைச் சுமத்துவதா? சுமத்தக்கூடாது. அவர்களிடம் கேட்கப்படும் எண்களைக் குறைத்து, சரியான ஓர் எண்ணைக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம். இன்று எத்தனை பேரைப் பார்த்தாய் என்று கேட்டால், ஏற்கெனவே மருந்து ஒழுங்காகச் சாப்பிடுபவரின் வீட்டுக்கே மீண்டும் போவது எளிது. உன் பகுதியில் யாருக்கு மேல் அழுத்தம் 140க்குக் கீழே வரவில்லை, யார் மருந்தை விட்டார் என்று கேட்டால், போகவேண்டிய வீடு எது என்பது அவருக்கே தெரிந்துவிடும். 2017இல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டு முயற்சி இந்த அளவுகோலைத்தான் மையத்தில் வைத்தது. பதிவு செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அங்கே அழுத்தம் கட்டுக்குள் வந்தது. அந்த வேலையைக் கேட்கும் அரசு அதற்குத் தக்க ஊதியத்தையும் தன்னார்வலர்களுக்குத் தந்தாக வேண்டும்.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை நான்கு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் தன் பொறுப்பில் உள்ள ரத்தக் கொதிப்பு நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேர் கட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசலில் எழுதிப் போட வேண்டும். அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டு மாத்திரையை அரசுக் கொள்முதலில் போதிய அளவு சேர்க்க வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளருக்குப் பணியிடத்தில் கிடைக்கும் பரிசோதனை, வீட்டையே பணியிடமாகக் கொண்ட நெசவாளருக்குத் தறிக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த முறை உங்கள் கையில் பட்டையைச் சுற்றி அளப்பவரிடம் அந்த இரண்டு எண்களையும் கேட்டு எழுதி வையுங்கள். 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால், எப்போது திரும்ப அளப்பீர்கள், மருந்தில் என்ன மாற்றம் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது நோயாளியின் உரிமை. பதில் சொல்வது அரசின் கடமை.