இரண்டு பக்கமும் ஒன்றா?

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் நண்பர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்புப் பழமும் இனிப்பு டப்பாவும். பையன் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. தேறி, அது போதாதென்று சட்டமும் படித்தவன். டில்லியில் பேடண்ட் வழக்குகள் நடத்தும் பெரிய வக்கீல் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். தகப்பனார் சம்பளத்தைச் சொன்னார். ஒரு வருஷம் விடாமல் தொடர்கதை எழுதினாலும் எனக்குக் கிடைக்காத தொகை. கல்லூரியில் இரண்டே வருஷம் படித்து நிறுத்திக்கொண்டவன் நான். பொறாமை சிறிது எழுந்தது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

"அப்படி என்னப்பா வேலை அது?" என்று கேட்டேன்.

பையன் அழகாகவே விளக்கினான். "ஒருவர் புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கிறார், சார். 20 வருஷத்துக்கு அவர் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று சர்க்கார் எழுதிக் கொடுப்பதுதான் பேடண்ட். கண்டுபிடிப்பின் எல்லை எதுவரை என்று அந்தப் பத்திரத்தில் இருக்கும். ஒரு வார்த்தை அகலமாக விழுந்தால் பக்கத்து நிலமும் சேர்ந்து வளைபடும். குறுகிவிட்டால் சொந்த நிலமே போய்விடும். அந்த வார்த்தைக்குத்தான் கோர்ட்டில் சண்டை."

ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் சண்டை! நம்முடைய விமரிசகர்கள் ஒரு நாவலையே மூன்று நிமிஷத்தில் தீர்த்துக் கட்டிவிடுகிறார்களே!

"அது சரி தம்பி, நீ யார் பக்கம் நின்று வாதாடுவாய்?"

"யார் முதலில் வக்காலத்துக் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம். எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், சார்."

தகப்பனார் பூரித்துப் போனார். நான் பூரிக்கவில்லை. அன்று சபை நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கொலை வழக்கில் இந்த நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். கூண்டில் நிற்பவனுக்காகப் பேச ஒருவன் வேண்டும். இல்லாவிட்டால் நிரபராதியும் தூக்குமேடை ஏறுவான். ஆனால், மருந்து பேடண்ட் வழக்கில் கூண்டில் நிற்பது யார்? ஒருவருமில்லை. இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. தண்டனை அனுபவிக்கப் போகிறவன் கோர்ட்டிலேயே இல்லை. ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கிளீவெக் என்று ஒரு மாத்திரை. ஸ்விட்ஜர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனியுடையது. அதன் மூலப் பொருளுக்கு 1990-களிலேயே அமெரிக்காவில் பேடண்ட் வாங்கியாகிவிட்டது. பிறகு, அதே மருந்தின் உப்பு ஒன்றில் பீட்டா என்னும் ஒரு படிக வடிவத்துக்கு மட்டும் தனிப் பேடண்ட் கேட்டு 1998-ல் நம் சென்னையில் மனுப் போட்டார்கள். 2006 ஜனவரியில் சென்னைப் பேடண்ட் ஆபீஸ் அதைத் தள்ளியது. சட்டமே செல்லாது என்று சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2007-ல் அங்கேயும் தோல்வி. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. அப்போது அவர்கள் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைக்குச் சுமார் 8,000-லிருந்து 10,000. நோவார்ட்டிஸ் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது, உண்மைதான். ஆனால் தர்மத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். விலையை அப்படி நிறுத்த முடியாது.

இதில் வக்கீலின் கைவரிசையைப் பாருங்கள். அந்த உப்பு பழைய பேடண்டிலேயே அடங்கியதுதான் என்று எதிர்த்தரப்பு சொன்னது. "அடங்கும், ஆனால் வெளிப்படுத்தவில்லை" என்றது நோவார்ட்டிஸ் தரப்பு. அடங்குமாம், வெளிப்படாதாம்! இதே மருந்தை ஓர் இந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் விற்க வந்தபோது, அதே பழைய பேடண்டைக் காட்டித்தான் வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு நாக்கு, இங்கே ஒரு நாக்கு. சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்கே பொறுக்கவில்லை. கண்டுபிடிப்பின் சொந்த மதிப்பை விட்டுவிட்டு, சாமர்த்தியமான வக்கீல்களின் எழுத்துத் திறமையால் பேடண்டின் எல்லை தீர்மானமாகும்படி இந்த நாட்டுச் சட்டம் வளர வேண்டாம் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒன்று என்பவர்கள் அந்த இடத்தை ஒருமுறை படிக்கட்டும்.

வக்கீல் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரும் வக்கீல்தானே? அவர் 1959-ல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான பேடண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடைபெறவே இல்லை என்று அதில் காட்டினார். அதிலிருந்து பிறந்த 1970-ம் வருஷச் சட்டம், மருந்துக்குப் பேடண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. அந்தத் தைரியத்தில்தான் நம் மருந்துத் தொழில் தலையெடுத்தது. 2005-ல் மருந்துக்கும் பேடண்ட் திரும்பி வந்தது. ஆனால் குணத்தில் மேம்பாடில்லாத பழைய பொருளின் புது வடிவத்துக்குக் கிடையாது என்ற 3(டி) பிரிவும் கூடவே வந்தது. நோவார்ட்டிஸ் தடுக்கி விழுந்தது அந்த வாசற்படியில்தான்.

கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசியம் வேண்டும். 20 வருஷம் அதற்குத்தான். அதற்குமேல் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, இன்னும் 20 வருஷம் இழுப்பதைத்தான் நான் சொல்கிறேன்.

பையன் என்னை மடக்காமல் விடவில்லை. "நீங்கள் எழுதிய நாவலுக்கு, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை உண்டே, சார்? மருந்துக்கு மொத்தமே 20 தானே?" என்றான். சுரீரென்றது. ஆனாலும் விடையுண்டு. என் நாவலை யாரும் அச்சிடக் கூடாதே தவிர, அதே மாமியார் மருமகள் கதையை யார் வேண்டுமானாலும் சொந்தமாக எழுதலாம், எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேடண்ட், தானாகவே கண்டுபிடித்தவனையும் தடுத்துவிடும். என் நாவல் கிடைக்காமல் இதுவரை யாரும் செத்ததில்லை. கிடைத்துச் சிரமப்பட்டவர்கள் சிலர் உண்டு.

ஆனால் அந்த 60 வருஷம் அதிகம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு 50 ஆக இருந்தது. 1941-ல் காலமான தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் தறுவாயில், 1992-ல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். அதுவும் படிகத்தை மாற்றுகிற வைத்தியம்தான். நான் அப்போது எழுத்தாளனாகவில்லை; ஆகியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

அகப்பட்ட வக்காலத்தை வாங்கியே தீர வேண்டும் என்கிறார்களே, பார் கவுன்சில் விதியைப் பார்த்தேன். தகுதிக்கேற்ற பீஸ் கொடுத்தால் வழக்கை ஏற்க வேண்டும். விசேஷக் காரணமிருந்தால் மறுக்கலாம் என்றிருக்கிறது. மறுக்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே சம்பளம் அதிகம், அவ்வளவுதான்.

புறப்படும்போது பையனிடம் அந்தச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"அது எங்களுக்குப் பாடம், சார். இரண்டு தடவை படித்தேன்."

"வக்கீல்களைப் பற்றி அதில் சொல்லியிருக்கிற இடம்?"

கொஞ்சம் யோசித்தான். "3(டி) மட்டும்தான், சார், பரீட்சைக்கு வரும்" என்றான். தகப்பனார் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துகொண்டார்.