வண்டி கொதித்தால் வியாபாரம் நிற்கும்



மே 5ஆம் தேதியை வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதே வாரத்தில்தான் அக்னி நட்சத்திரமும் பிறக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளுக்குச் சரக்கு ஏற்றி வரும் லோடு ஆட்டோக்களும் குட்டி யானைகளும் நடுரோட்டில் நின்றுபோவதும் அப்போதுதான் அதிகம். "வண்டி சூடாகிவிட்டது, பெட்ரோல் ஏறமாட்டேன் என்கிறது" என்று ஓட்டுநர் ஒரு பக்கம் போன் செய்வார். "சரக்கு எங்கே?" என்று சில்லறைக் கடைக்காரர் மறுபக்கம் கேட்பார். இருவருக்கும் பதில் சொல்லியே மொத்த வியாபாரிக்குப் பொழுது போய்விடும்.

இதை வெயிலின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது நம் வழக்கம். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் மேலும் போடுகிறார்கள். வெயிலும் எரிபொருளும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்குக் கொடுக்கும் வாடகையிலும், ஏற்றும் மூட்டைக் கணக்கிலும், சரக்கு இறக்கும் நேரத்திலும் பாதிக் காரணம் இருக்கிறது என்பது நம் கருத்து. இந்தப் பாதியை மாற்ற அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் வண்டி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். 2005இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து நம் தெருக்களுக்குக் குட்டி யானை பழகிவிட்டது. அதில் எஞ்சின் முன்னால் தனியாக இல்லை, ஓட்டுநர் உட்காரும் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. சிறிய சரக்கு வண்டிகள் பலவற்றில் எஞ்சின், எரிபொருள் குழாய், சைலன்சர் எல்லாம் நெருக்கமான இடத்தில்தான் அடங்கியிருக்கும். வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து சூட்டை எடுத்துச் செல்லும். ஊர்ந்து போனால் அந்தக் காற்று கிடைக்காது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், மந்தைவெளி, அடையாறு பக்கம் தடுப்புகள் எழுந்தபின் வண்டிகள் எப்படி ஊர்ந்தன என்பது நாம் அனைவரும் கண்டதே.

இன்னொன்று, வண்டியை நிறுத்தியதும் சூடு குறைவதில்லை, சற்று நேரம் கூடுகிறது. எஞ்சின் நின்றால் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். இரும்பில் உள்ள சூடு மேலே ஏறிப் பக்கத்தில் உள்ள பெட்ரோல் குழாயைத் தாக்கும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், எஞ்சினுக்கு எரிபொருள் போகாது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். கடை கடையாகப் பத்து நிமிடம் நிறுத்தி நிறுத்திப் போகும் நம் சரக்கு வண்டிக்கு இதைவிடப் பொல்லாத ஓட்டம் கிடையாது. காலையில் நன்றாக ஓடிய வண்டி நான்காவது கடையில் கிளம்ப மறுப்பது இதனால்தான். டீசல் வண்டியில் கோளாறு வேறு மாதிரி. வெடித்த குழாய் வழியாகவோ தளர்ந்த பில்டர் வழியாகவோ காற்று புகுந்து 'ஏர் பிடித்து'விடும். காற்றை வெளியேற்றினால்தான் எஞ்சின் ஓடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய பெட்ரோல் வண்டிகள் இன்ஜெக்ஷன் முறைக்கு மாறிவிட்டன. இவற்றில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. நம்மில் பலர் இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் போட்டு, ரிசர்விலேயே வண்டியை ஓட்டச் சொல்கிறோம். டேங்க் வற்ற வற்றப் பம்ப் சூடேறி அதன் ஆயுள் குறையும். பம்ப் போனால் ஆயிரக்கணக்கில் செலவு. வெயில் காலத்தில் கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது ஒரு காசும் கூடுதல் செலவில்லாத காரியம். போட்ட பெட்ரோல் எங்கும் போய்விடாது.

எத்தனால் விஷயத்துக்கு வருவோம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப்பின் தயாரான வண்டிகளின் குழாய், ரப்பர் பாகங்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய வண்டிகளில் ரப்பர் உப்பவோ வெடிக்கவோ கூடும். பெட்ரோலைவிட எத்தனாலில் எரிசக்தி குறைவு. பழைய முறையில் செய்து இ-10க்குச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் தன்மையும் உடையது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது ஆகாது.

ஆனால் எத்தனாலே பகை என்று சொல்வதற்கில்லை. பிரேசில் நாட்டில் 1975 முதல் இதற்கென்று திட்டம் போட்டு, 2025 ஆகஸ்டில் 30 சதவீதம் வரை போய்விட்டார்கள். அங்கே வண்டியை எரிபொருளுக்குத் தக்கபடி செய்தார்கள். நம்மிடம் பத்து வருடத்துப் பழைய வண்டி இருந்தால் எரிபொருள் குழாய்களையும் பில்டரையும் நாம்தான் மாற்றியாக வேண்டும். வெடித்த குழாயிலிருந்து சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியோடு சரக்கும் எரியும். அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர்.

இனி பாரத்தைப் பார்ப்போம். குட்டி யானை முக்கால் டன் வண்டி. 25 கிலோ அரிசி மூட்டை என்றால் 30 மூட்டை, கணக்கு நேராக 750 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ மூட்டை பழக்கத்துக்கு வந்தது. மூட்டையின் எடை மாறியது, வண்டிக்கு 30 மூட்டை என்ற எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. அங்கேயே 30 கிலோ கூடிவிட்டது. 40 மூட்டை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது 1,040 கிலோ. அவ்வளவு பாரத்தோடு மேம்பாலம் ஏறினால் எஞ்சின் கொதிக்காமல் என்ன செய்யும்? அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 2019இல் செய்த திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய பத்து மூட்டையில் அத்தனை லாபம் நிற்குமா என்று அன்பர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் விஷயத்தில் வீட்டு குக்கரை நினைத்துக்கொண்டால் போதும். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த மாத்திரத்தில் எல்லாம் ஆவியாகிப் பீறிடும். நமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் லஸ் அருகே வண்டி கொதித்து நின்றபோது, கடையிலிருந்து போன் மேல் போன் வரவே, ஆறும்வரை பொறுக்காமல் மூடியைத் திறந்துவிட்டார். முகம் தப்பியது, கையும் மார்பும் வெந்துபோயின. இரண்டு மாதம் அவருக்குப் பிழைப்பில்லை. போன் செய்த கடைக்கு அன்று வர வேண்டியது பதினைந்து மூட்டை அரிசி. அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் அந்தக் கடை மூடிப்போயிருக்காது.

அதனால் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்தும் உரிமை ஓட்டுநருக்கு வேண்டும். யாரையும் கேட்காமல் நிறுத்தலாம், தாமதத்துக்கு வாடகையைப் பிடிக்கமாட்டோம் என்று சரக்கு அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் வாக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து அரை மணி நேரமாவது ஆறவிட்டுப் பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கடலோரப் பகுதியின் உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் ஊற்றுவதே சரி.

"வண்டி நம்முடையதா? வாடகை வண்டிதானே, பராமரிப்பு அவன் பாடு" என்று சிலர் சொல்வார்கள். அந்த வாடகையில் ஐம்பதும் நூறும் குறைத்துப் பேசுகிறவர்கள் யார்? அந்த ஐம்பது ரூபாயில்தான் அவருடைய கூலன்டும் பில்டரும் இருக்கிறது. மலிவான வாடகையைப் பேசி முடித்துவிட்டு வண்டி நடுவழியில் நிற்காமல் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை சரியா என்று கேட்பதைப் போன்றது. மின்சார வண்டி வாங்கினால் தொல்லை தீர்ந்தது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டரிக்கும் கடும் வெயில் ஆகாது, அதற்கும் பாரத்துக்கு ஒரு அளவு உண்டு.

சில்லறை வணிகர்களிடம் உரிமையோடு ஒரு வேண்டுகோள். பல கடைகளில் பத்து மணிக்குமேல்தான் சரக்கு இறக்க ஆள் இருக்கிறது. அதனால் வண்டி வெயில் ஏறிய பிறகு கிளம்பி, உச்சி வேளையில் பனகல் பூங்காவைச் சுற்றுகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் மட்டுமாவது காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இறக்கிக்கொள்ள ஒரு ஆளையும் சாவியையும் ஏற்பாடு செய்தால் பாதி வண்டிகள் கொதிக்காது. அந்நேரத்தில் ஏற்றி அனுப்புவது மொத்த வியாபாரிகளின் பொறுப்பு. ஒரு தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து நேரம் பேசிக்கொண்டால் ஒரே நடையில் வேலை முடியும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஆண்டுதோறும் வணிகர் தினத்துக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பகுதிக்கு வரும் சரக்கு வண்டிகளுக்குப் பரிசோதனை முகாம் நடத்தலாம். எரிபொருள் குழாய், பில்டர், ரேடியேட்டர் மூடி, விசிறி, கூலன்ட் ஆகிய ஐந்தையும் ஒரு நல்ல மெக்கானிக் பார்த்தால் போதும். சொந்த வண்டி, வாடகை வண்டி என்று பாராமல் எல்லா வண்டிக்கும் செய்ய வேண்டும். செலவை மொத்த வியாபாரிகள் பகிர்ந்துகொள்வது நியாயம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. அப்படி ஒரு நாள் மறுபடியும் வரலாம். வரும் பொதுக்குழுவில் இந்த முகாமையும் காலை நேர இறக்குதலையும் பொருளாக வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.