விதைநெல்லைச் சமைக்கலாமா?

ஒஷாவா நகரில் கார் என்பது பல குடும்பங்களின் சோறு. 1876-இல் மக்லாக்லின் குடும்பத்தின் குதிரைவண்டிப் பட்டறை அங்கு வந்தது. 1918-இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் கனடியப் பிரிவாயிற்று. நூறாண்டு கழித்து, 2018 நவம்பர் 26-இல், 2019 டிசம்பருக்குப் பின் அந்த ஆலைக்கு எந்த வாகனமும் ஒதுக்கப்படவில்லை என்று கம்பனி அறிவித்தது. சுமார் 2,500 தொழிலாளர் திகைத்து நின்றனர்.

அறிகுறி முன்பே தெரிந்தது. 2015-இல் கமேரோ காரின் உற்பத்தி அமெரிக்காவின் லான்சிங் நகருக்குப் போயிற்று. பின்னர் ஒஷாவாவுக்கு வந்த வேலைகளுள் ஒன்று, பழைய மாதிரி டிரக்குகளைப் பூட்டி முடிப்பது. சந்தை மாறிவிட்டது என்றது கம்பனி. ஆனால் நாளைய வாகனத்துக்கு இன்று முதலிடாத ஆலைக்கு நாளை ஏது?

இதற்குப் பொருளாதார நூலார் வைத்த பெயர் ‘குறைமுதலீடு’. செலவைக் குறைப்பதெல்லாம் குறைமுதலீடு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வீண் செலவைக் குறைப்பது சிக்கனம். தேய்வதை ஈடுசெய்யவும் வருங்காலத் தேவைக்கும் வேண்டிய அளவு முதலிடாமையே குறைமுதலீடு. ஆண்டுக்குப் பத்து டொலர் தேயும் இயந்திரத்துக்கு ஏழு டொலர் மட்டும் இட்டால், மூன்று டொலர் முதல் கரைகிறது. கைக்காசு மிஞ்சுவதால் கரைவது கண்ணில் படாது. விதைநெல்லைச் சமைத்த வீட்டிலும் அன்று வயிறு நிறையத்தான் செய்யும்.

ஒஷாவாவில் பிழை ஓரளவு திருந்தியது. 2020-இல் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, நூறு கோடி டொலருக்கு மேல் முதலீடு உறுதியாயிற்று. 2021 நவம்பரில் ஆலை மீண்டும் டிரக் செய்யத் தொடங்கியது. ஆனால் இடையில் வேலையிழந்த குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு ஈடில்லை.

இந்த உண்மையை முன்னோர் நன்கறிந்திருந்தனர். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்தும் வழக்கம், கோயில் தேய்ந்து போகாமல் காக்கும் ஏற்பாடுமாகும். பனியும் உப்பும் அரிக்கும் இந்நாட்டில் கூரைக்கும் வெப்பமூட்டும் இயந்திரத்துக்கும் அத்தகைய கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பிள்ளைகளின் தமிழ், சமய வகுப்புகளும் அவ்வாறே. அவையும் முதல்தான்.

எனவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைக் கையில் வாங்கும் அங்கத்தவர்கள், மிச்சம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடலாகாது. இவ்வாண்டு தேய்ந்தது எவ்வளவு, அதற்கு ஈடாக இட்டது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். திருவிழாவின் சிறப்பு ஒருநாள் நினைவு. ஒழுகாத கூரை அடுத்த தலைமுறையின் சொத்து.