உடம்பு யாருடையது, ஊசி யாருக்கு?

2020 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் திரண்டது. ஆக்ஸ்போர்டு கொரோனா தடுப்பூசிச் சோதனையை எதிர்த்து, 'நாங்கள் சோதனை எலிகள் அல்ல' என்றது. சோதனையை அங்கே நடத்தியவர் குழந்தை மருத்துவர் ஷபீர் மாதி.

அந்தக் கோஷத்தை நம்மால் அலட்சியம் செய்ய முடியாது. 2009-ல் ஆந்திராவின் கம்மத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை யார் உடம்பில் போட்டுப் பார்த்தார்கள்? விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பல படிவங்களில் தாய் தகப்பன் கையெழுத்து இல்லை. விடுதிக் காப்பாளர் போட்டிருந்தார். மறுவருஷம் நிறுத்தினார்கள்.

ஆனால் கோஷத்தோடு நின்றால் போதுமா? மாதியின் முந்தைய வேலையைப் பார்த்தால் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

சோவெட்டோ, நிறவெறி ஆட்சி கறுப்பர்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடம். ஊருக்கு வெளியே சேரி என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அங்குள்ள பரக்வனாத் ஆஸ்பத்திரியில்தான் மாதி குழந்தைகளின் நுரையீரலைப் படித்தார். 1998-ல் கீத் க்ளூக்மனோடு சேர்ந்து அவர் இறங்கிய நிமோகாக்கஸ் தடுப்பூசிச் சோதனையில் 39,836 குழந்தைகள். பாதிப்பேருக்குத் தடுப்பூசி, பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி. எச்ஐவி உள்ள பிள்ளைகளையும் ஒதுக்காமல் சேர்த்தார்கள். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று அந்நாட்டு ஜனாதிபதி ம்பெக்கியே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது.

2003-ல் முடிவு வந்தது. தடுப்பூசியில் அடங்கிய கிருமி வகைகள் ரத்தத்தில் பரவும் கடும் நோய், எச்ஐவி இல்லாத குழந்தைகளிடம் 83 சதவீதம் குறைந்தது. எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோன எச்ஐவி குழந்தைகளிடமும் 65 சதவீதம் குறைந்தது. அடுத்த வருஷம் மாதியும் க்ளூக்மனும் இன்னொன்றைக் காட்டினார்கள். வைரஸ் தொற்றோடு நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளும் இந்த ஊசியால் 31 சதவீதம் குறைந்தார்கள். சளி வைரஸ் வழி திறந்துவிட, பின்னாலேயே பாக்டீரியா நுழைகிறது என்பது அப்படித்தான் துலங்கியது. சோவெட்டோக் குழந்தைகளின் உடம்பு உலகத்துக்குச் சொல்லித்தந்த பாடம் இது.

நான் பற்று வரவு பார்க்கிற வேலைக்காரன். இந்தக் கணக்கையும் பார்க்கிறேன். அமெரிக்கக் குழந்தைகளுக்கு இதே ரகத் தடுப்பூசி 2000-த்திலேயே வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்க அரசு திட்டத்தில் சேர்த்தது 2009-ல். சோதனையில் முதலில் சேர்ந்த குழந்தைகளுக்கு அப்போது பத்து வயது தாண்டியிருக்கும். நம்ம ஊரிலும் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு டோஸுக்கு ஆயிரக்கணக்கில் காசு வைக்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கிடைத்தது. இந்திய அரசு 2017-ல் சில மாநிலங்களில் மட்டும் தொடங்கியது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இலவசமாக வந்தது 2021-ல். இடையில் எத்தனை சேரிக் குழந்தைகள் நெஞ்சு கூடு இழுக்க மூச்சு வாங்கினார்கள் என்பதற்கு எந்தப் பேரேடும் இல்லை.

நம் குழந்தைகளை ஆராய்ச்சிக்கு வெளியே வைத்தால், எந்த மருந்து அவர்கள் உடம்பில் வேலை செய்யும் என்பது தெரியாமலே போகும். சத்தில்லாத உடம்பு, அடுப்புப் புகை, ஒற்றை அறையில் ஆறு பேர் – இவற்றுக்கு நடுவே மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பணக்காரக் குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. மாதி சோவெட்டோவிலேயே ஆராய்ந்ததன் நியாயம் அதுதான்.

அதனால் தோழர்களே, நாளைக்கு நம் தெருவுக்கு ஒரு சோதனை வந்தால் விரட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து கேட்போம். படிவம் தாய்க்குப் புரிகிற பாஷையில் இருக்கிறதா? கையெழுத்து அவளுடையதா? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? மருந்து பலித்தால் எந்த வருஷம், எந்த சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கணும். வாய்ச்சொல்லை நம்பி நாம் காத்துக் கிடந்தது போதும்.